ஒட்டலும் பிணைவும்

தூய கண்ணாடித் தட்டின்மீது ஒரு துளி நீரை இட்டால் அது படர்ந்து பரவுகின்றது. அதே தட்டின்மீது ஒரு துளி இரசத்தை இட்டால் அது திரண்டு உருண்டு நிற்கின்றது. இரண்டும் திரவங்களே; தட்டும் ஒன்றே. அவ்வாறிருக்க, இவ்வேறுபாடு யாதனால் விளைந்தது?

ஒரே பொருளின் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் கவர்ச்சியைப் பிணைவு என்றும், வேறுபட்ட இரு பொருள்களின் துணிக்கைகளிடையே தோன்றும் கவர்ச்சியை ஒட்டல் என்றும் கூறுவர். பெயர் இரண்டாயினும் மூலம் ஒன்றே. நேர், எதிர் மின்னேற்றங்களுக்கிடையே நிகழும் கவர்ச்சியே அது. நீர் மூலக்கூறில் ஒட்சிசன் சிறிது எதிரேற்றமும் ஐதரசன் சிறிது நேரேற்றமும் பெற்றுள்ளன. ஆதலின் நீர் மூலக்கூறுகள் தம்முள் ஐதரசன் பிணைப்புக்களால் இணைகின்றன. கண்ணாடிப் பரப்பிலுள்ள ஒட்சிசன், ஐதரசன் கூட்டங்களோடும் அவ்வாறே இணைகின்றன. இங்கு ஒட்டல் மேலோங்குகின்றது. இரசத்தின் அணுக்களோ உலோகப் பிணைப்பினால் தம்முள் இறுகியவை. கண்ணாடியோடு அவற்றுக்குள்ள கவர்ச்சி மிகச் சிறிது. இரசத்தின் பரப்பிழுவை நீரினதைவிட ஆறு மடங்கிற்கும் மேற்பட்டதென்பதும் இதனையே உணர்த்தும்.

எல்லாப் பொருள்களுக்கும் இக்கவர்ச்சி உண்டாயின், ஒன்றன்மேலொன்றாக வைத்த இரு பலகைகள் ஒட்டிக்கொள்ளாமை என்னை? இவ்விசை மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கு போன்ற நுண்ணிய தூரத்திலேயே வலியுடையது. வழுவழுப்பாகத் தோன்றும் பலகையும் உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தது. இரு பலகைகள் மேடுகளில் மாத்திரமே தொடுகின்றன. இவ்விடைவெளியை நிரப்புவதே பசையின் தொழிலாகும்.

ஆகவே பசை இரு கடமைகளை உடையது. முதலிற் திரவமாயிருந்து பரப்பை நனைத்தல் வேண்டும், அது ஒட்டலின்பாற்பட்டது. பின்னர்த் திண்மமாக இறுகுதல் வேண்டும், அது பிணைவின்பாற்பட்டது. கடதாசி ஒட்டும் மாப்பசையை நோக்குவோம். மாப்பொருளும் கடதாசியின் செலுலோசும் குளுக்கோசுத் தொடர்களாலானவை. நீர் மாப்பொருளைக் கடதாசியின் இழைகளுக்கிடையே கொண்டுசேர்த்து, ஆவியாகி நீங்குகின்றது. இரு தொடர்களும் நெருங்கி ஐதரசன் பிணைப்புக்களால் இணைகின்றன.

ஒட்டு விட்டுப்போன இடத்தை நோக்கின், தவறியது எதுவெனத் தெரியவரும். பசை இரு பக்கங்களிலும் எஞ்சியிருப்பின் தவறியது பிணைவு. ஒரு பக்கம் துப்புரவாக இருப்பின் தவறியது ஒட்டல். முன்னதற்கு வன்மையான பசை வேண்டும். பின்னதற்குப் பெரும்பாலும் வேண்டுவது, எண்ணெயும் தூசும் ஈரமும் நீக்கிய பரப்பேயாம்.

இது சிறு விடயமன்று. 1988 ஆம் ஆண்டு ஏப்பிரல் 28 ஆந் திகதி, ஹவாய்த் தீவுகளின்மேற் பறந்த போயிங் 737 விமானமொன்றின் மேற்புறம் ஏறத்தாழ 18 அடி நீளத்திற்குப் பிய்ந்துபோயிற்று; பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் தகடுகள் பசையாலும் தறையாணிகளாலும் இணைக்கப்பட்டிருந்தன. பசை சிலவிடங்களிற் செவ்வனே பற்றவில்லை. ஈரம் புகுந்து அரிப்பு உண்டாயிற்று. பசை தாங்கவேண்டிய சுமை தறையாணிகளின்மேல் வீழ, அவற்றின் துளைகளிலிருந்து வெடிப்புக்கள் பரவின. பசை வன்மையுடையதாயினும், பற்றுதற்கேற்ற பரப்பு இல்லையேல் அவ்வன்மை பயன்படாது. ஆய்கூடத்திற் கண்ணாடிக் குழாயைக் கழுவும் மாணவர், தாம் துடைத்தகற்றும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் ஆற்றலை இதனால் அறிந்துகொள்வாராக.