பெரிய கடையின் நாணயம்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும், பேசிய விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். மளிகைக் கடையிலும் மண்டியிலும் துண்டு இல்லை. ஆனால் வழக்கம் அதேதான். கொள்முதல் விலை என்ன, யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த லாரி எப்போது வருகிறது என்பதையெல்லாம் அந்நியர் நிற்கும்போது நாம் வாய்விட்டுப் பேசுவதில்லை. காரணம், அந்த ரகசியம் நம்முடையது மட்டும் அல்ல. நமக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி நம்மை நம்பிச் சொன்ன விலை அது. அது வெளியே போனால் நமக்கு வரும் நஷ்டம் ஒரு பங்கு என்றால், அவர் அடுத்த முறை நம்மிடம் வாய் திறக்கத் தயங்குவதால் வரும் நஷ்டம் பத்துப் பங்கு.

இந்தப் பாடத்தை உலகிலேயே பெரிய கடையான அமெரிக்க அரசாங்கம் பலமுறை மறந்திருக்கிறது. அதனால் அந்தக் கடையின் நாணயத்துக்கு என்ன ஆனது என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்வது நல்லது.

செங்கடல் பேச்சும் தவறிய எண்ணும்

2023-ம் ஆண்டு இறுதியில் ஏமன் நாட்டின் ஹூதி படையினர் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயண நாட்கள் கூடின, கப்பல் வாடகை ஏறியது. நம் நாட்டுக்கு இறக்குமதியாகும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி கருங்கடல் துறைமுகங்களிலிருந்து இந்த வழியாகத்தான் வருகிறது. ஆகவே செங்கடல் சங்கதி நம் கடை எண்ணெய் டின்னைத் தொட்ட சங்கதியும்தான்.

2025-ம் ஆண்டு மார்ச் 15 அன்று அமெரிக்கா ஹூதிகள் மீது விமானத் தாக்குதல் நடத்தியது. இதற்கான ஆலோசனையை அந்த நாட்டின் மிகப் பெரிய அதிகாரிகள் எங்கே நடத்தினார்கள் தெரியுமா? அரசாங்கத்தின் பாதுகாப்பான அறையில் அல்ல. 'சிக்னல்' என்ற கைப்பேசிச் செயலியில் ஒரு குழு அமைத்து நடத்தினார்கள். துணை அதிபர் வான்ஸ், வெளியுறவு அமைச்சர் ரூபியோ, பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத், உளவுத் துறைத் தலைவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். குழுவைத் தொடங்கியவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ். அவர் ஒரு எண்ணைத் தவறிச் சேர்த்துவிட்டார். அந்த எண் 'தி அட்லாண்டிக்' பத்திரிகையின் ஆசிரியர் ஜெப்ரி கோல்ட்பெர்க்குடையது!

வேறொருவர் பெயருக்கு நேரே அந்தப் பத்திரிகை ஆசிரியரின் எண் வால்ட்ஸின் போனில் பதிவாகியிருந்ததே காரணம் என்று பின்னர் செய்தி வந்தது. கடைப் போனில் இருக்கும் பெயர்களை ஒருமுறை சரிபார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை. விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பும், தாக்குதல் எப்போது தொடங்கும் என்று ஹெக்செத் அந்தக் குழுவில் எழுதினார். முதல் குண்டு விழுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே ஒரு பத்திரிகையாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பானவர், தாக்குதல் முடியும்வரை வாய் திறக்கவில்லை. வேறு யாராவது இருந்திருந்தால் அந்த விமானிகளின் கதி என்ன?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழுவின் செய்திகள் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தன. அரசாங்க விவகாரங்களின் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. பேரேட்டில் எழுத வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கிழித்துப் போடுவதுபோல் ஆகிவிட்டது.

வாடிக்கையாளர் காதில் விழுந்தது

அந்தக் குழுவில் விமான நேரம் மட்டும் கசியவில்லை. சூயஸ் வழியாக அமெரிக்க வர்த்தகத்தில் 3 சதவீதமும் ஐரோப்பிய வர்த்தகத்தில் 40 சதவீதமும் போகிறது, பிறகு இந்தச் செலவை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற பொருளில் வான்ஸ் கேட்டிருந்தார். ஐரோப்பியர்கள் நம் செலவில் காலம் தள்ளுகிறார்கள் என்ற வெறுப்பு அந்தப் பேச்சில் வெளிப்படையாகத் தெரிந்தது. பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளரைப் பற்றி உள்ளறையில் பேசியது கடைவாசல்வரை கேட்டுவிட்டால் எப்படி இருக்கும்! ஐரோப்பியத் தலைவர்கள் அதை அப்படியே பத்திரிகையில் படித்தார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் இஸ்ரேலுக்கு. தாக்குதலுக்கு இலக்கான ஒருவர் எந்தக் கட்டடத்துக்குள் போனார் என்று வால்ட்ஸ் குழுவில் எழுதியிருந்தார். அந்தத் தகவல் இஸ்ரேல் கொடுத்தது என்றும், அது வெளியானதில் அங்குள்ள அதிகாரிகளுக்கு வருத்தம் என்றும் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. மொத்த வியாபாரி நம்மை நம்பிச் சொன்ன விலை என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது இதுதான்.

கிட்டங்கிச் சாவி எல்லோர் கையிலும்

இது புதிய வியாதி அல்ல. 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரு இலாகாவின் தகவல் இன்னொரு இலாகாவுக்குத் தெரியாமல் போனதே பிழை என்று கண்டு, தகவல்களை எல்லா இலாகாக்களும் பார்க்கும்படி அமெரிக்கா திறந்துவிட்டது. நோக்கம் சரி. ஆனால் யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்க்க வாசலில் ஆள் இல்லை. கிட்டங்கிச் சாவியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஸ்டாக் புத்தகத்தை மூடி வைத்த கதை. ஈராக்கில் பணியாற்றிய மேனிங் என்ற இளம் படைவீரர் 2,51,287 தூதரகத் தந்திகளைப் பிரதியெடுத்து 'விக்கிலீக்ஸ்' அமைப்புக்குக் கொடுத்தார். 2010-ம் ஆண்டு நவம்பரிலிருந்து அவை வெளிவரத் தொடங்கின. இந்தியா தொடர்பான தந்திகளை 2011-ம் ஆண்டு மார்ச்சில் சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' வெளியிட்டபோது நம் நாடாளுமன்றமே அமளிப்பட்டது. மெக்சிகோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ராஜினாமா செய்ய நேர்ந்தது. ஈக்வடார் தன் நாட்டிலிருந்த அமெரிக்கத் தூதரை வெளியேற்றியது.

2015-ம் ஆண்டில் அரசாங்க ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் அந்தரங்க விவரங்கள் திருடு போனது தெரியவந்தது. 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. கடைப் பூட்டை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியுமா? அந்த அலுவலகத்தின் தலைவர் அதே ஆண்டு ஜூலையில் பதவி விலகினார்.

நஷ்டம் பில்லில் தெரியும்

நம்பிக்கை போனால் பணமும் போகும் என்பதை 2013-ம் ஆண்டு காட்டியது. அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் அந்த ஆண்டு ஜூனில் வெளியிட்ட ஆவணங்கள், நட்பு நாடுகளின் பேச்சையும் அமெரிக்கா ஒட்டுக்கேட்டதைக் காட்டின. பிரேசில் அதிபர் ரூசெப் வாஷிங்டன் போகவிருந்த அரசுப் பயணத்தைத் தள்ளி வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் 36 போர் விமானங்கள் வாங்கும் சுமார் 450 கோடி டாலர் ஆர்டரை பிரேசில் யாருக்குக் கொடுத்தது? முன்னணியில் இருந்ததாகப் பேசப்பட்ட அமெரிக்காவின் போயிங் கம்பெனிக்கு அல்ல, ஸ்வீடனின் சாப் கம்பெனிக்கு. விலை, தொழில்நுட்பம் என்று வெளியில் காரணம் சொன்னாலும், ஒட்டுக்கேட்ட விவகாரம் அமெரிக்காவின் வாய்ப்பைக் கெடுத்தது என்று அப்போதே செய்திகள் வந்தன.

ஜெர்மனியின் அதிபர் மெர்கலின் கைப்பேசியும் ஒட்டுக்கேட்கப்பட்டதாக அக்டோபரில் செய்தி வந்தது. 2014-ம் ஆண்டு ஜூனில் ஜெர்மன் அரசு அமெரிக்காவின் வெரைசன் டெலிபோன் கம்பெனியுடன் வைத்திருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2015-ம் ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பியர்களின் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிசெய்த உடன்பாட்டையே செல்லாது என்றது. அதை நம்பித் தொழில் செய்த கம்பெனிகள் நான்காயிரத்துக்கு மேல். பிறகு போட்ட இரண்டாவது உடன்பாடும் 2020-ம் ஆண்டு ஜூலையில் அதே நீதிமன்றத்தில் விழுந்தது. மூன்றாவதாக ஒன்று 2023-ல் வந்தது. தவறு செய்தது அரசாங்கம், சுமந்தது கம்பெனிகள்.

முதலாளிக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று

கசிவு எந்தக் கடையிலும் நடக்கும். கணக்குப்பிள்ளை வாய் தவறுவார், கடைப் பையன் விளையாட்டாய் எதையாவது சொல்வான். பிழை நடந்த பிறகு கடை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் வெளியார் பார்க்கிறார்கள்.

2023-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநில விமானப் படைக் காவல் பிரிவில் வேலை பார்த்த டெக்சீரா என்ற 21 வயது இளைஞர், உக்ரைன் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை 'டிஸ்கார்ட்' என்ற இணைய அரட்டைத் தளத்தில் நண்பர்களுக்குக் காட்டிப் பெருமை பேசினார். தென் கொரிய அதிகாரிகளின் உள் ஆலோசனைகளும் அதில் இருந்தன. தென் கொரிய அதிபர் வாஷிங்டனுக்கு விருந்தாளியாகப் போகவிருந்த அதே ஏப்ரல் மாதத்தில் இது வெடித்தது. அந்த இளைஞருக்கு 2024-ம் ஆண்டு நவம்பரில் 15 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை சரியா அதிகமா என்பது நம் வேலை அல்ல.

ஆனால் சிக்னல் விவகாரத்தில் என்ன நடந்தது? முதலில், போர்த் திட்டம் எதையும் யாரும் எழுதவில்லை என்றார்கள். ரகசியம் எதுவும் இல்லை என்றார்கள். பத்திரிகை ஆசிரியர் மார்ச் 26 அன்று அந்தச் செய்திகளை அப்படியே அச்சிட்ட பிறகுதான் உலகம் உண்மையைப் பார்த்தது. வால்ட்ஸ் பொறுப்பை ஏற்பதாகச் சொன்னார். மே மாதம் ஆலோசகர் பதவியை விட்டார். ஆனால் ஐ.நா. சபைக்கான தூதர் பதவிக்கு அவர் பெயர் அன்றே அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் செனட் சபை அதற்கு ஒப்புதலும் கொடுத்தது. ஹெக்செத் பதவியில் தொடர்ந்தார். சொந்த போனில் அந்தத் தகவலை அனுப்பியது விதிக்குப் புறம்பானது, வீரர்களுக்கு ஆபத்தாக முடிந்திருக்கலாம் என்று அவருடைய இலாகாவின் தலைமை ஆய்வாளரே 2025-ம் ஆண்டு டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். தம்மீது குற்றமே இல்லை என்று தீர்ந்துவிட்டது என அமைச்சர் அதற்கும் அர்த்தம் சொன்னார்.

ஒரே தராசில் இரண்டு படிக்கல் என்றால் எந்த வாடிக்கையாளர் நிற்பார்?

2025-ம் ஆண்டு பியூ ஆய்வு நிறுவனம் 24 நாடுகளில் கருத்துக் கேட்டது. உலக விவகாரங்களில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சரியானதைச் செய்வார் என்று நம்பியவர்கள் நடு அளவில் 34 சதவீதம். நம்பாதவர்கள் 62 சதவீதம். ரகசியக் கசிவு மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்வது தவறு. இறக்குமதி வரிகள், உக்ரைன், காசா என்று காரணங்கள் பல. ஆனால் ஏற்கெனவே சந்தேகப்பட்டவரின் சந்தேகத்தை, பிழையை ஒப்புக்கொள்ளாத போக்கு உறுதிப்படுத்திவிடுகிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமைச்சரின் பிழையை அந்த நாட்டுப் பத்திரிகையே எழுதியது, அவருடைய இலாகாவின் ஆய்வாளரே பதிவு செய்தார். கணக்கைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதே அந்தக் கடைக்கு இன்னும் மிச்சமிருக்கும் நாணயம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் கடைகளிலும் இப்போது ஆர்டர், விலை, பாக்கி எல்லாம் கைப்பேசிக் குழுக்களில்தான் ஓடுகின்றன. வேலையை விட்டுப்போன பையனின் எண் இன்னும் குழுவில் இருக்கிறதா? ஒரே பெயரில் இரண்டு எண்கள் இருக்கின்றனவா? மொத்த வியாபாரி நமக்கு மட்டும் அனுப்பிய விலைப் பட்டியல் எங்கெல்லாம் போகிறது? இன்று கடையை அடைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட வேண்டும்.

அதையும் மீறிப் பிழை நடந்துவிட்டால், சம்பந்தப்பட்டவரிடம் நாமே முதலில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. பிறர் வாயிலாக அவருக்குத் தெரிந்த பிறகு நாம் சொல்லும் எந்தச் சமாதானமும் கடன் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை. வாஷிங்டன் என்றாலும் நம் ஊர் கடைவீதி என்றாலும் வியாபாரத்தின் கணக்கு ஒன்றுதான்.