கிருமி ஒன்று, நோய் இரண்டு விதம்!

உடம்புக்குள் நடக்கும் அதிசயம்

ஆரணிப் பட்டுக்குப் பேர் போன சீமையில் உள்ள ஊர், தேசூர். தறியில் உட்காரும் நெசவாளிக்கு விரல் நுனிதான் கண். இழை அறுந்தால் விரல்தான் முதலில் கண்டுகொள்ளும். அந்த விரலில் உணர்ச்சி போய்விட்டால்? பிழைப்பே போய்விடும்!

அப்படி உணர்ச்சியைப் பறிக்கும் நோய், தொழுநோய். முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இது அதிகம். வேலூர் அருகே கரிகிரியில் 1955-ம் ஆண்டு இதற்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை அமைந்தது. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். சூடும் காயமும் தெரியாமல் போவதால்தான் விரல்கள் சிதைகின்றன என்று எடுத்துச் சொன்னார்.

ஏன் இந்த வித்தியாசம்?

1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்த கிருமிதான் எல்லாரையும் தாக்குகிறது. ஆனால் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. சிலருக்கு ஓரிரு தேமலோடு நின்று விடுகிறது. வேறு சிலருக்கு உடம்பெங்கும் பரவுகிறது. காரணம் என்ன?

சாயத் தொட்டி

ரத்தத்தில் 'டி அணு' என்ற வெள்ளை அணுக்கள் உள்ளன. இவை உடம்பின் காவல் படை. புதிய டி அணு, சாயம் ஏறாத பட்டு நூல் மாதிரி. சிவப்புத் தொட்டியில் முக்கினால் சிவப்பு. பச்சைத் தொட்டியில் முக்கினால் பச்சை. இங்கே சாயம் எது? மற்ற அணுக்கள் சுரக்கும் சேதிப் பொருள்கள்தான்.

'இன்டர்லூகின்-12' என்ற சேதி வந்தால், டி அணு முதல் வகையாக மாறும். 'இன்டர்பெரான் காமா' என்ற பொருளைச் சுரக்கும். கிருமியை விழுங்கிய அணுக்களுக்கு அதனால் பலம் வரும். உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும்.

'இன்டர்லூகின்-4' வந்தால் இரண்டாம் வகை. குடல் புழுவை விரட்ட இது நல்லது. தொழுநோய்க் கிருமியோ அணுவுக்குள்ளேயே ஒளிந்து இருக்கிறது. இந்தப் படை அதை எட்டாது. கிருமி பெருகும்.

1986-ல் எலிகளிடம் இந்த இரு வகைகளும் தெரிய வந்தன. 1991-ல் நோயாளிகளின் தோலைச் சோதித்தார்கள். தேமல் குறைந்தவர்களிடம் முதல் வகைச் சேதி. நோய் பரவியவர்களிடம் இரண்டாம் வகைச் சேதி!

ஒரு தேமல்தானே?

முதல் படையின் சண்டை கடுமையானால் நரம்பும் அடிபடும். ஆகையால் ஒரு தேமல்தானே என்று இருந்துவிடக் கூடாது.

எந்த வகைக்கும் மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-ல் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. நோய்க்குத் தக்கபடி 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லையா? உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை எழுப்பாது!