இரும்பு மாத்திரைக்கும் அசையாத சோகை

பிள்ளைக்குச் சோகை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பூச்சி மருந்து கொடுக்கிறோம். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் போடுகிறோம். முருங்கைக்கீரையைத் துவட்டி வைக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதிலேயே முகத்தில் இரத்தம் ஊறிவிடும். அப்படி ஊறாத ஒரு பிள்ளையைப் பற்றித்தான் தாய்மார்களே, இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். அவள் என் அக்காள் மகள்.

அக்காள் ஜொகூரில் எங்கள் தோட்டத்திலே பிறந்து வளர்ந்து, சிங்கப்பூரில் பூன் லே வட்டாரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அடுக்குமாடி வீடு, கீழே உணவுக்கடைகள், நடக்கும் தூரத்தில் எம்.ஆர்.டி. நிலையம். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. ஜூரோங் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த சியூ பூன் லே என்ற சீன முதலாளியின் பெயர் அது. அவருக்கு ஹோ ஹோ என்ற பிஸ்கட் தொழிற்சாலையும் இருந்தது. ரப்பரும் பிஸ்கட்டும்! நம் தோட்டத்துக் காலைப்பொழுது இந்த இரண்டிலும்தானே விடிந்தது.

மருமகளுக்குப் பத்து வயதிலே ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். வயிறு எப்போதும் உப்பிசம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. வாயில் அடிக்கடி புண். ஒரு கிளினிக்கில் பூச்சி என்றார்கள். இன்னொன்றில் பரீட்சைப் பயம் என்றார்கள். பரம்பரைச் சோகையோ என்று தலசீமியாவுக்கும் இரத்தம் பார்த்தார்கள், அது இல்லை. இரும்பு மாத்திரை மட்டும் ஒன்றரை வருடம் ஓடியது. மாத்திரை உள்ளே போகும்; இரத்தம் ஏறாது.

பள்ளி விடுமுறையில் துவாஸ் பாலம் வழியாகப் போய் இறங்கினேன். காலையில் ரொட்டி, பள்ளியில் மீ, மாலையில் பிஸ்கட், இரவில் கடைப் பரோட்டா என்று அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். கோதுமை ஒத்துக்கொள்ளாத வியாதி ஒன்று உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம் வந்தது. வாத்தியார் அல்லவா, சும்மா இருக்க முடியுமா? “அக்கா, கோதுமையை அடியோடு நிறுத்திப் பார்” என்றேன். நிறுத்தினாள். மூன்று வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. “தம்பி, டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்ததே” என்று அக்காள் போனில் அழுதாள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

நான் செய்தது பெரிய பிசகு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

இரண்டு மாதம் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் குடல் வைத்திய நிபுணரிடம் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள். முடிவில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, “இவள் இப்போது என்ன சாப்பிடுகிறாள்?” என்று கேட்டாராம். அக்காள் பெருமையாக, “கோதுமை தொட்டே இரண்டு மாதம் ஆகிறது” என்றாளாம். “அதுதான் சங்கடம்” என்றார் டாக்டரம்மா.

இந்த வியாதிக்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுவையாக வருகிறதே, அதற்குக் காரணம் அதுதான். இந்நோய் உள்ளவர்களின் உடம்பு குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடலைத் தானே தாக்குகிறது. புதுத் துவாலைத் துண்டில் சிறு சிறு நூல் வளையங்கள் நிற்கும் அல்லவா? நம் சிறுகுடலின் உட்புறமும் அப்படித்தான். சத்தை உறிஞ்சுவது அந்த வளையங்களே. சீலியாக் நோயில் அவை தேய்ந்து பழந்துணி மாதிரி ஆகிவிடும். பிறகு இரும்பு மாத்திரையை எத்தனை விழுங்கினாலும் உறிஞ்ச ஆள் இல்லை.

இரத்தப் பரிசோதனை தேடுவது, குளூட்டன் தூண்டுவதால் உடம்பு தன்னையே எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் அது குறைந்து மறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கும். அப்புறம் நோய் இருந்தாலும் பரிசோதனை இல்லை என்றுதான் சொல்லும். ஆகவே சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். டாக்டரம்மா மறுபடி ரொட்டி சாப்பிடச் சொல்லிவிட்டார். நன்றாக இருந்த பிள்ளைக்கு வயிற்றுவலியை நாமே ஊட்டுவது போல் அந்த வாரங்கள் கழிந்தன. “ஏன் மாமா நிறுத்தச் சொன்னீங்க, ஏன் இப்போ சாப்பிடச் சொல்றீங்க?” என்று அவள் கேட்டபோது, முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவனுக்குப் பதில் வரவில்லை.

இரண்டாம் முறை எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பி குழாயை வாய் வழியே விட்டு, சிறுகுடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ. 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் அங்கே கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாட, இந்நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். முன்பே கோதுமை மேல் சந்தேகம் வைத்திருந்த டிக்கெ, 1950-இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

‘நாம் சோறு சாப்பிடுகிற ஜாதி, நமக்கேன் இது’ என்று நினைப்பீர்கள். டாக்டர்கள் பலரும் அப்படியே நினைப்பதால்தான் பரிசோதனைக்கே எழுதுவதில்லை. நினைப்பில் பாதி உண்மை உண்டு. 2016-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 23,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்நோய். தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய சமம். மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. பெரிய வித்தியாசம் தட்டில்: வடக்கே நாளொன்றுக்குக் கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம். இப்போது நம் வீட்டுத் தட்டைப் பாருங்கள். ரொட்டி சனாய், மேகி, பிஸ்கட். மலேசியாவில் இளைஞர்கள் 562 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 7 பேரிடம் இந்த எதிர்ப்பொருள் தென்பட்டது. குடலைப் பார்க்காமல் இரத்தம் மட்டும் பார்த்த கணக்கு அது. இருந்தாலும் யோசிக்க வைக்கிறது.

சோகை எல்லாமே சீலியாக் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பூச்சி, சத்துக்குறைவு, மாதவிடாய்ப் போக்கு, இவைதான் நம்மிடையே அதிகம். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறாமல், வயிறும் சரியில்லாமல், பிள்ளை வளராமலும் இருந்தால், ‘டி.டி.ஜி. ஐஜிஏ’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு உடம்பிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்கு முதல் சோதனை ஏமாற்றிவிடும். எல்லாக் கிளினிக்கிலும் இது கிடையாது. இல்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். வெறும் வாயால் சொன்னால் காதில் ஏறாது. எத்தனை மாதம் மாத்திரை, ஒவ்வொரு தடவையும் இரத்தம் எவ்வளவு, பள்ளியில் எடுத்த எடை உயரம் எவ்வளவு என்று தேதி போட்டுக் காட்டுங்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கேட்டால் எடை உயரக் கணக்கை எழுதித் தருவோம். முடிவு தெரியும் வரை ரொட்டியை நிறுத்தாதீர்கள்.

மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்கக் குளூட்டன் படாத சாப்பாடுதான். நம் சமையலுக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி எல்லாம் ஆகும். ரவா தோசை, சேமியா, பூரி ஆகாது. மறைந்து வருவதுதான் தொல்லை. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் இருக்கிறது. கிச்சாப் பெரும்பாலும் கோதுமை சேர்த்துக் காய்ச்சியது. பீஹூன் அரிசிதான், ஆனால் கடைக்காரர் அதில் கிச்சாப் ஊற்றுவார். பெருங்காயத்தை யார் சந்தேகப்படுவார்கள்? கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். தேக்காவில் டப்பா டப்பாவாகத் திருப்பிப் படித்து, அரிசி மாவு கலந்த ஒன்றை அக்காள் கண்டுபிடிக்க அரைநாள் ஆனது.

மருமகள் ஒரு வருடத்தில் இரண்டு சட்டை அளவு வளர்ந்துவிட்டாள். இரத்தமும் ஏறிவிட்டது.

இப்போது அக்காளின் முறை. தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்பதால், எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. சிறு வயதில் தோட்டத்து டிரெஸர் கொடுத்த சோகை மாத்திரையை அக்காளும் வருடக்கணக்கில் விழுங்கியவள்தான். “இந்த வயசில் எனக்கென்னடா” என்று முணுமுணுத்துக்கொண்டே, தினமும் காலையில் தனித் தட்டில் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடுகிறாள். அடுத்த மாதம் இரத்தம் எடுக்கிறார்கள்.