‘போலி’ என்று சொல்லுமுன் பதிவேட்டைப் பாருங்கள்

ஓட்டமாவடியிலிருந்து வாகரை வழியாகக் கதிரவெளிக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒருமுறை அங்கே கடையொன்றில் தேநீர் குடிக்கும்போது ஒரு முறிவு வைத்தியரைப் பற்றிப் பேச்சு வந்தது. “அவர் மருத்துவச் சபையில் பதியாதவர். போலி டொக்டர்” என்று சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை போனபோது வைத்தியரின் மகன் என்னைத் தேடி வந்தார். கையில் ஆயுர்வேத மருத்துவச் சபையின் பதிவுச் சான்றிதழ். “காக்கா, அப்பா தன்னை டொக்டர் என்று எப்ப சொன்னவர்? இப்ப ஆட்கள் வாறது குறைஞ்சு போச்சு” என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை வியாபாரிகள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

நமது நாட்டில் இரண்டு பதிவேடுகள் உண்டு. ஆங்கில வைத்தியர்களை இலங்கை மருத்துவச் சபை பதிகிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி, நாட்டு வைத்தியம் ஆகியவை 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒன்றில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவர் போலி ஆகிவிடமாட்டார். அதற்காக ஒன்றில் பதிந்தவர் மற்றதைச் செய்யவும் கூடாது. இந்தியாவில் ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத முறையில் வைத்தியம் செய்பவர் போலி வைத்தியரே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 3 இலட்சம் ரூபா நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

மானநஷ்டம் 2002இல் நமது தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒருவரின் தொழிலைக் கெடுக்கும் பேச்சை நீதிமன்றம் சிறிதாக எடுப்பதில்லை. நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் “நான் சொன்னது உண்மை” என்பது மட்டும் போதாது. அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும்.

அப்படியென்றால் உண்மையான போலியைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இல்லை. பதிவில்லாமல் காசுக்கு ஆங்கில வைத்தியம் செய்வது குற்றம். முதலில் பதிவேட்டில் பாருங்கள். பிறகு சபைக்கோ பொலிஸுக்கோ எழுதுங்கள். நல்லெண்ணத்தோடு உரிய இடத்தில் செய்யும் முறைப்பாட்டுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தேநீர்க் கடைப் பேச்சுக்கும் வட்ஸ்அப் குழுவுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதும்போதும் “பதிவேட்டில் பெயர் இல்லை” என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். “கள்ளன், கொலைகாரன்” என்று சேர்த்தால் அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பதிவில்லாதவனுக்கும் மானம் உண்டு.

வயரிங் செய்பவர், கணக்கு எழுதுபவர், போட்டி வியாபாரி என்று யாரைப் பற்றிப் பேசினாலும் இதே கணக்குத்தான்.

நான் வைத்தியரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அதே கடையில் நின்று, நான் சொன்னது பிழை என்றும் சொன்னேன். ஆனால் அன்று கேட்டவர்களில் இரண்டு பேர்தான் அப்போது அங்கே இருந்தார்கள்.