உடம்புக்குள்ளே ஒரு 'சிக்கு வாடை'!

பத்து நாள் ஆன முறுக்கு டப்பாவைத் திறந்தால் குப்பென்று ஒரு சிக்கு வாடை அடிக்குமே, கவனித்திருக்கிறீர்களா? எண்ணெயோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து செய்கிற வேலை அது. அதே வேலை உங்கள் உடம்பிலுள்ள கொழுப்பிலும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா? பயப்படாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான்!

சாப்பாடு எரிந்து சக்தியாகும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' என்கிற பொறிகள் தெறிக்கின்றன. அவற்றை அணைக்க உடம்பிலேயே என்ஸைம்கள் உண்டு. வைட்டமின் சி, ஈ இரண்டும் துணைக்கு வரும். பொறி அதிகமாகி, அணைக்க ஆள் போதாமல் போனால் அதுதான் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'. 1985-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்முட் சீஸ் இதற்கு விளக்கம் தந்தார். மனக்கவலைக்குச் சொல்கிற 'ஸ்ட்ரெஸ்' வேறு, இது வேறு.

சாயம் சொல்லும் சேதி

இதை எப்படி அளக்கிறார்கள்? பட்டுக்குப் பேர்போன ஆரணியில் இருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பட்டு நூலைக் கொதிக்கும் சாயத்தில் முக்கியெடுத்து, நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள் இல்லையா? லேபிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்! கொழுப்பு கெடும்போது 'மலோன்டைஆல்டிஹைட்' என்ற பொருள் உண்டாகிறது. ரத்தத்தின் சீரத்தில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் ரோஸ் நிறம் வரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் கேடும் அதிகம் என்று கணக்கு.

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

ஆனால் இந்த ரோஸ் நிறத்தை அப்படியே நம்பிவிட முடியாது. வேறு சில பொருள்களும் அதே நிறத்தைக் காட்டிவிடும். அதோடு, எடுத்து வைத்த ரத்தம் சரியாகப் பாதுகாக்கப்படாவிட்டால், குளிரூட்டியில் இருக்கும்போதே அதிலுள்ள கொழுப்பு கெட ஆரம்பித்துவிடும். பிறகு உடம்பில் இருந்தது எவ்வளவு, குழாயில் உண்டானது எவ்வளவு என்று யார் சொல்வது?

1990-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாரோ, ராபர்ட்ஸ் குழுவினர் 'ஐசோப்ரோஸ்டேன்' என்ற இன்னும் நம்பகமான அடையாளத்தைக் கண்டுபிடித்தார்கள். இதைச் சிறுநீரிலும் அளக்கலாம். சிறுநீரில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் குழாயில் கெட்டுப்போகிற தொல்லை அதிகம் இல்லை. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் அல்லவா? அதைச் சரிக்கட்ட கிரியாட்டினினோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள்.

நீங்கள் எடுக்கணுமா?

தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசை இந்த டெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம். இவ்வளவு இருந்தால் நோய், இவ்வளவுக்குக் கீழே நலம் என்று எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இன்னும் இல்லை. இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கான அளவுகோல். அந்தக் காசில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் பாருங்கள். அவற்றுக்கு வைத்தியம் உண்டு!

'ஆன்டி ஆக்சிடென்ட்' மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்குவதும் கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! காய்கறியில் இருப்பது நல்லது என்பதற்காக, பிரித்தெடுத்து மாத்திரையாக்கினாலும் நல்லது என்று அர்த்தமில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

* பீடி, சிகரெட்டை விடுங்கள். புகைபிடிப்பவர்கள் இரண்டே வாரம் நிறுத்தியதும் ரத்தத்தில் ஐசோப்ரோஸ்டேன் இறங்கியதை 1995-ல் மாரோ குழுவினர் காட்டினார்கள்.

* சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

* நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, தக்காளி என்று மாற்றி மாற்றிச் சேருங்கள்.

* பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

* நாள் முழுக்கத் தறியில் உட்காருகிறவர்கள் சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்!