உடைந்த பம்பரும் உயர்தர இரசாயனமும்

எங்கள் வாப்பாவிடம் ஒரு சின்ன ஆல்ட்டோ கார் இருக்கிறது. நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்வார். சம்மாந்துறைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களையும் கொண்டு விடுவார். அந்த ஹயர் காசில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

கடந்த நோன்பு மாதத்தில் ஒரு நாள், ஸஹர் நேரத்தில் அவசரமாக ஒரு பிரசவ ஹயர் வந்தது. ஒழுங்கையிலிருந்து காரைத் திருப்பும்போது முன் பம்பர் மதில் மூலையில் மாட்டிக்கொண்டது. "டக்" என்றொரு சத்தம். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். பம்பரில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

புதுப் பம்பரின் விலையைக் கேட்டுவிட்டு வந்த வாப்பா ஒன்றும் பேசவில்லை. கடையில் ஒரு சிறிய குப்பி சுப்பர் குளூ வாங்கி வந்து தானே ஒட்டினார். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நாலாம் நாள் கிட்டங்கி றோட்டில் இரண்டு பள்ளத்தில் விழுந்து எழும்பியதும் பழையபடி வாயைத் திறந்துவிட்டது.

"நல்ல குளூதானே, ஏன் பிடிக்கல்ல?" என்று வாப்பா கேட்டார். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். எனக்குச் செய்து காட்டியவர் என்னுடைய சாச்சா. வீட்டு வளவில் தகரக் கொட்டில் போட்டு டிங்கரிங், பெயின்ட் வேலை செய்பவர்.

பம்பர் ஒரு தோல்

காரை நாம் இரும்பு என்று நினைக்கிறோம். ஆனால் முன்னும் பின்னும் நாம் தொட்டுப் பார்க்கும் பகுதி பிளாஸ்டிக். சாச்சா பம்பரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "புள்ள, இது தோல் மட்டும்தான். எலும்பு உள்ளுக்குக் கிடக்கு" என்றார். உள்ளே குறுக்காக ஓர் உலோகச் சட்டம் இருந்தது. பெரிய மோதலில் அடியைத் தாங்குவது அதுதான். ஆகவே பம்பர் வெடித்தால் வெளிப்புறத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கழற்றி அந்தச் சட்டம் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எலும்பு முறிந்திருக்கத் தோலை மட்டும் தைத்து என்ன பயன்?

வாகனத்தில் பிளாஸ்டிக் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. 1941இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் பிளாஸ்டிக் தகடுகள் பொருத்திய ஒரு காரைக் காட்சிக்கு வைத்தார். கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான ட்ராபான்ட் காரின் உடல் தகடுகள், கழிவுப் பருத்தியையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் பாரம் குறைந்தது, எரிபொருள் மிச்சம். கடற்காற்று வீசும் எங்கள் கரையோர ஊர்களில் இரும்பு துருப்பிடிப்பதைப் போல அது துருப்பிடிப்பதுமில்லை.

சுப்பர் குளூ ஏன் தோற்றது?

பெரும்பாலான பம்பர்கள் பொலிப்புரொப்பிலீன் என்ற பல்பகுதியத்தால் ஆனவை. அடி தாங்குவதற்காக அதனுடன் ஒரு வகைச் செயற்கை இறப்பரையும் கலப்பார்கள். 1954இல் இத்தாலியரான ஜியூலியோ நாட்டா இதை ஒழுங்கான அமைப்புடன் தயாரித்துக் காட்டினார். 1963ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் ஜெர்மனியரான கார்ல் சீக்லருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதன் சங்கிலியில் காபனும் ஐதரசனும் மட்டுமே உண்டு. முனைவுத்தன்மை இல்லை. பசையோ பெயின்ட்டோ பற்றிப் பிடிக்க அதன் மேற்பரப்பில் ஒரு "கை" இல்லை என்று சொல்லலாம். தயிர்க் கோப்பை போன்ற பொலிப்புரொப்பிலீன் பாத்திரத்தில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணம்தான். வாப்பாவின் குளூ பம்பரின் மேல் உட்கார்ந்திருந்ததே தவிர, அதைப் பிடித்திருக்கவில்லை.

பசைக்குப் பிடிபடாத இந்தப் பொருள் சூட்டுக்கு இளகும். இது வெப்பம் இளக்கும் பல்பகுதியம். ஏறக்குறைய 160 பாகை செல்சியஸில் உருகி, ஆறியதும் மறுபடி இறுகும். எனவே ஒட்டுவதற்குப் பதிலாக உருக்கி இணைக்கலாம். ட்ராபான்ட் காரின் தகடு இதற்கு நேர்மாறு. அது வெப்பம் இறுகும் வகை. சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படித்த வேறுபாடு, ஒரு பம்பரைக் காப்பாற்றும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலில் பெயரைக் கேள்

உருக்கி இணைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இனம் இனத்தோடுதான் சேரும். ஒரு பிளாஸ்டிக்கின் மீது வேறொன்றை உருக்கி ஊற்றினால் ஆறியதும் கழன்றுவிடும்.

பம்பரைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். அம்புத்தலை போன்ற இரண்டு குறிகளுக்கிடையே சில ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பீ.பீ. என்றால் பொலிப்புரொப்பிலீன். ஏ.பீ.எஸ். என்பது முன் கிறில், பக்கக் கண்ணாடியின் கூடு போன்றவற்றில் வரும் கடினமான வகை. பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளும் அதுதான். பீ.சீ. என்றால் பொலிக்காபனேற்று, ஹெட்லைட்டின் வெளி மூடி.

எழுத்து அழிந்திருந்தால் ஓரத்தில் ஒரு சிறு சீவலை வெட்டித் தண்ணீரில் போடலாம். பொலிப்புரொப்பிலீன் தண்ணீரிலும் அடர்த்தி குறைந்தது, மிதக்கும். ஏ.பீ.எஸ்ஸும் பொலிக்காபனேற்றும் தாழும். சிலர் நெருப்பில் காட்டி மணந்து பார்ப்பார்கள். அந்தப் புகை நஞ்சு. நாம் அப்படிச் செய்யக் கூடாது.

ஏ.பீ.எஸ்ஸுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. அது அசற்றோனில் கரையும். நகப்பூச்சு அகற்றும் பல திரவங்களில் இருப்பது இந்த அசற்றோன்தான். அதே வகைப் பிளாஸ்டிக் துண்டுகளை அதில் கரைத்துக் குழம்பாக்கி வெடிப்பில் நிரப்பினால், அசற்றோன் ஆவியானதும் இரண்டும் ஒன்றாகிவிடும். பொலிப்புரொப்பிலீனில் இந்த வேலை நடக்காது.

வெடிப்பை மூடிய விதம்

சாச்சா முதலில் செய்தது கழுவுவது. சவர்க்காரத் தண்ணீரால் உள்ளும் புறமும் தேய்த்து, காய்ந்த பின் எண்ணெய்ப் பசை போக்கும் திரவத்தால் துடைத்தார். "அரைவாசி வேல கழுவுறதுலதான் இருக்கு" என்றார்.

அடுத்து, வெடிப்பு முடிகிற நுனியில் சிறிய துளை ஒன்று போட்டார். வெடிப்பை மூட வேண்டிய இடத்தில் துளை போடுகிறாரே என்று நான் திகைத்தேன். கூரான நுனியில்தான் இழுவிசை எல்லாம் ஒன்றுகூடும். அதனால் வெடிப்பு மேலும் ஓடும். நுனியை வட்டமாக்கினால் விசை பரவி, ஓட்டம் நின்றுவிடும்.

பிறகு வெளிப்பக்கம் இரண்டு விளிம்புகளையும் சமமாகச் சேர்த்து டேப் ஒட்டினார். உட்பக்கம் வெடிப்பின் நெடுகே, தகட்டின் பாதித் தடிப்புக்கு ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் வெட்டினார். பழைய பீ.பீ. பம்பர் ஒன்றிலிருந்து நறுக்கிய கீலத்தைச் சோல்டரிங் அயன் போன்ற சூட்டுக்கோலால் உருக்கி அந்தப் பள்ளத்தை நிரப்பினார். கீலம் மட்டும் உருகினால் போதாது. பள்ளத்தின் சுவரும் இளக வேண்டும். புகை வந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். கருகிய பிளாஸ்டிக்குக்குப் பலம் கிடையாது.

உள்ளே பலத்துக்காக அலை வடிவான துருப்பிடிக்காத கம்பிகளைச் சூடாக்கி, வெடிப்புக்குக் குறுக்கே அமிழ்த்தினார். ஆஸ்பத்திரியில் தையல் போடுவது போலவே இருந்தது. கடைசியாக டேப்பை உரித்து, வெளிப்பக்கமும் அதே போலப் பள்ளம் வெட்டி நிரப்பினார்.

நிறம் பூசுதல்

இணைத்த இடத்தைச் சேன்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். முதலில் 80 இலக்கம், பின் 180, பின் 320. இலக்கம் கூடக் கூடத் தாள் மெதுவாகும். எஞ்சிய குழிகளுக்குப் பட்டி வைப்பார்கள். இரும்புத் தகட்டுக்கு வைக்கும் சாதாரணப் பட்டியை வைத்தால், பம்பர் வளையும்போது அது வெடித்து உதிரும். பிளாஸ்டிக்குக்கென்றே வளைந்து கொடுக்கும் பட்டி இருக்கிறது.

பெயின்ட்டுக்கும் குளூவுக்கு வந்த அதே பிரச்சினைதான். ஆகவே முதலில், நிறமற்ற மெல்லிய ஒரு பிடிப்புப் பூச்சை அடிக்க வேண்டும். பொலிப்புரொப்பிலீனுக்கு இல்லாத "கை"யை அது கொடுக்கிறது. அதன் மேல் பிரைமர், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்த பின் நிறம், கடைசியில் பளபளப்புக்கான லெக்கர். சில வாகனங்களில் பம்பர் பெயின்ட் பாளம் பாளமாக உரிவதைக் காண்கிறோம் அல்லவா? பிடிப்புப் பூச்சை விட்டுவிட்டது பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம்.

மஞ்சளான ஹெட்லைட்

எங்கள் வெயிலில் சில வருடங்களிலேயே ஹெட்லைட் மஞ்சளித்துவிடுகிறது. வெயிலிலுள்ள கழியூதாக் கதிர் மூடியின் பாதுகாப்புப் பூச்சைச் சிதைக்கிறது. இரவில் வெளிச்சம் குறையும். இது அழகு மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விடயமும்கூட. 800, 1500, 2000 இலக்கத் தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பொலிஷ் பண்ணினால் கண்ணாடி போலாகும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புப் பூச்சும் தேய்ந்து போனதால் மறுபடியும் விரைவில் மஞ்சளிக்கும். கழியூதாவைத் தடுக்கும் லெக்கர் பூசினால்தான் வேலை முழுமை. தின்னர், பெற்றோல், அசற்றோன் எதனாலும் துடைக்கக் கூடாது. பொலிக்காபனேற்று நுண்ணிய வெடிப்புகளாகிவிடும்.

கை வைக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் ஒட்டிப் பாவிக்க முடியாது. ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் எயார்பேக் இருக்கும் மூடிகள், சீட் பெல்ட் பூட்டு, பிரேக் எண்ணெய்க் குப்பி, பெற்றோல் தாங்கி ஆகியவை உடைந்தால் மாற்றவே வேண்டும். புதிய வாகனங்கள் சிலவற்றில் பம்பருக்குப் பின்னால் றேடார் இருக்கும். அதற்கு நேரே பட்டியும் பெயின்ட்டும் தடிப்பாகப் பூசினால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

வேலை செய்பவரின் சுவாசமும் முக்கியம். தேய்க்கும் தூசியும், கடினமாக்கி கலந்த பெயின்ட்டின் ஆவியும் நுரையீரலைப் பாதிக்கும். ஆஸ்துமா கூட வரலாம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. சாச்சாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது வடிகட்டி உள்ள மாஸ்க் போடும்படி அவரை நச்சரிப்பது என் வேலை.

ஏன் இவ்வளவு பாடு?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் 2022இன் டொலர் நெருக்கடியும் வந்தது. இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர எங்கள் வாப்பா போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகமெங்கும் பேசப்பட்டது. யானை தின்றது பம்பரையல்ல, உணவு ஒட்டிய பைகளைத்தான். என்றாலும், நாம் எறிவது எங்கேயும் மறைந்து போவதில்லை என்பதற்கு அது சாட்சி. திருத்திப் பாவிக்கக் கூடியதை எறிவதும் வீண்விரயம்தானே.

எங்கள் பம்பருக்குச் செலவானது புதியதன் விலையில் சிறு பங்கு. மழை, வெயில், கிட்டங்கிப் பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி இன்றும் நிற்கிறது.

சென்ற மாதம் ஒருவர் அந்தக் காரை விலைக்குக் கேட்டு வந்தார். சற்றுப் பெரிய வாகனம் எடுக்க வாப்பாவுக்கும் எண்ணம் இருந்தது. வந்தவர் பம்பரைத் தடவிப் பார்த்து, "கொம்பனிப் பெயின்ட்தானே?" என்றார். தலையை ஆட்டியிருந்தால் போதும். சாச்சாவின் வேலை அவ்வளவு சுத்தம். வாப்பா, "இல்ல தம்பி, வெடிச்சு இணைச்சது. கழட்டி உள்ளுக்கும் பாருங்க" என்றார். அவர் விலையைக் குறைத்தார், வாப்பா கொடுக்கவில்லை.

அன்றிரவு உம்மா கொஞ்சம் முறுகினார். "பொருளிலுள்ள குறையை மறைத்து விற்கக் கூடாது என்று மத்ரஸாவில் படித்தோமே உம்மா" என்றேன். உம்மா சிரித்துவிட்டார். கார் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. நாளைக் காலையிலும் ஒரு ஆஸ்பத்திரி ஹயர் இருக்கிறது.

க.பொ.த. உயர்தர மாணவி, நற்பிட்டிமுனை