ஜெயம் யாருக்கு?

'வின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பையன்கூட யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான்: "ஜெயிக்கிறது, ஸார்!" கிரிக்கெட்டில் 'வின்', எலெக்‌ஷனில் 'வின்', கோர்ட்டில் 'வின்'. காசைச் சுண்டிவிட்டுத் தலை விழுந்தால் அதற்குப் பெயரும் 'வின்'தான்!

ஆனால் சொல்லின் பூர்வீகம் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'வின்னன்' என்றால் பாடுபடுவது, மல்லுக்கட்டுவது. ஜெயம் என்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டி எடுப்பதையும் ஆங்கிலேயர் இதே சொல்லால் குறிப்பதுண்டு. ஆகவே வியர்வைதான் அதற்குத் தாய்வீடு. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்கள் மன்னிக்க வேண்டும்!

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 'கான்யே' இன்னும் வேடிக்கை. பந்தயத்தில் ஜெயிப்பதும் 'கான்யே', உழைத்துச் சம்பாதிப்பதும் 'கான்யே'. ஆதியில் அது இரை தேடுவதைக் குறித்த சொல்லாம்.

நம்மிடம் வெற்றி உண்டு, ஜெயம் உண்டு, 'கெலிப்பு' உண்டு. ஜெயித்தவன் வாகைப் பூவைச் சூடியதால் வாகையும் உண்டு. தொல்காப்பியர் அந்த வாகையைப் போர்க்களத்தோடு நிறுத்திவிடவில்லை. அவரவர் தமக்குரிய தொழிலில் மேம்படுவதையும் வாகையில் சேர்த்துவிட்டார். என்ன பெரிய மனசு!

போர்க்கள வெற்றி எவ்வளவு நாள் தாங்கும் என்று புதுச்சேரிக்குத் தெரியும். 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசர் ஜங் கொல்லப்பட்டதும், கவர்னர் துய்ப்ளேக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தில் 'துய்ப்ளே பத்தேஹாபாத்' என்று ஓர் ஊரையே எழுப்பத் தொடங்கிவிட்டார். 'பத்தே' என்றால் பாரசீகத்தில் வெற்றி. கொஞ்ச காலத்தில் அந்த வழியாக வந்த கிளைவ் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். 1761இல் புதுச்சேரியே ஆங்கிலேயர் கையில் விழுந்து, அதன் கோட்டையும் தரைமட்டமாயிற்று. சமாதானத்தின்பேரில் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடமே திரும்பிற்று. இதில் ஜெயித்தவர் யார் என்று சரித்திர வாத்தியார்தான் சொல்ல வேண்டும்.

'விக்டரி' என்பதற்கு இரண்டு விரலை விரித்துக் காட்டுகிறார்களே, அந்த 'வி' என்ற எழுத்து 1941இல் லண்டன் வானொலியில் பேசிய விக்டர் த லாவலே என்ற பெல்ஜியம் நாட்டவரின் யோசனை. அவர் நாட்டில் பிரெஞ்சும் உண்டு, பிளெமிஷும் உண்டு. அந்த எழுத்து பிரெஞ்சில் வெற்றிக்கு முதலெழுத்து. பிளெமிஷில் விடுதலைக்கு முதலெழுத்து. தமிழுக்கும் அது பொருந்தி வருகிறது, பாருங்கள்!

1954 அக்டோபர் 18ஆந் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆந் தேதி நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். நவம்பர் முதல் தேதியை ஊரார் வெற்றி நாள் என்று சொல்வதில்லை. விடுதலை நாள் என்றே சொல்கிறார்கள். எட்டுப் பேரும் பக்கத்துத் தெருக்காரர்கள்தானே!

திண்டிவனம் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது கோரிமேடு. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் ஆஸ்பத்திரி அங்கேதான். 1964இல் நேருவின் ஞாபகமாக வைத்த பெயர் அது. விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து காத்திருக்கிறார்கள்.

பத்திரிகைகளில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. 'புற்றுநோயை வென்றார்', 'நோயோடு போராடித் தோற்றார்' என்கிறார்கள். இது ஆங்கிலத்திலிருந்து இறக்குமதியான சரக்கு. எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. செத்துப்போன மனுஷன் என்ன, சரியாகச் சண்டை போடத் தெரியாதவனா?

கோரிமேட்டில் எந்தத் தாயும் "என் பிள்ளை ஜெயிப்பானா?" என்று கேட்பதில்லை. "பிழைச்சுக்குவானா, டாக்டர்?" என்றுதான் கேட்கிறாள். உயிர் தப்புவதும் பிழைப்பு, வயிற்றுக்குச் சம்பாதிப்பதும் பிழைப்பு. பிரெஞ்சுக்காரரின் 'கான்யே'யை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளை தேறி வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அவள் கேட்கும் அடுத்த கேள்வி: "எப்போலேருந்து வேலைக்குப் போகலாங்க?"